நூற்றுக்கு 38

கிழக்கு தில்லியில், மயூர் விஹார் பக்கம் ஒரு சிறிய இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 19 வருடங்களாக வேலை செய்கிறேன். காலை 7 மணிக்குக் கதவைத் திறந்தால் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையாக நிற்பார்கள். சென்ற ஜனவரி 9 அன்று, பனிமூட்டத்தில் எதிர்ப்பக்கக் கடைகள்கூடத் தெரியாத காலையில், அந்த வரிசையில் எங்கள் தெரு அக்காவும் நின்றிருந்தார். திரிலோக்புரியில் என் வீட்டிலிருந்து நான்காவது வீடு. விழுப்புரம் பக்கத்துக்காரர், 25 வருடங்களாக இங்கே நான்கு வீடுகளில் சமையல் செய்கிறார். காய்ச்சல் பத்து நாட்களாக விடவில்லை என்றார். வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திப் பிடித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

எண்ணும் இயந்திரம் அவருடைய முடிவின் பக்கத்தில் ஓர் எச்சரிக்கைக் குறி போட்டிருந்தது. அப்படிக் குறி வந்தால் இயந்திரத்தை நம்பி விடக்கூடாது. கையால் எண்ண வேண்டும். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, உலர்த்தி, லீஷ்மன் சாயம் ஊற்றிக் கழுவி, எண்ணெய்த் துளி வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுவை அடையாளம் காண்பது எளிது. உட்கரு இரண்டு மடலாக மூக்குக் கண்ணாடி போல இருக்கும். சுற்றிலும் செங்கல் பொடி தூவியது போல ஆரஞ்சு மணிகள் நிறைந்திருக்கும். நல்ல உடம்பில் நூறு வெள்ளை அணுக்களை எண்ணினால் இவை ஒன்றிலிருந்து ஆறு வரை கண்ணில் படும். அக்காவின் தகட்டில் எங்கே நகர்த்தினாலும் அவைதான். எண்ணினேன்: 38. நம்பாமல் இன்னொரு தகடு போட்டு மீண்டும் எண்ணினேன். 37 வந்தது. மொத்த வெள்ளை அணுக்கள் 14,200. கணக்குப் போட்டால் ஒரு மைக்ரோலிட்டரில் 5,400-க்குச் சற்றுக் குறைவான ஈசினோஃபில்கள். 500 வரைதான் இயல்பு.

நோயின் பெயரை எழுத எங்களுக்கு உரிமை இல்லை. எண்ணை எழுதலாம். 'கையால் எண்ணி உறுதி செய்யப்பட்டது' என்று குறிப்பிட்டு, அந்த வரியின் கீழ் பேனாவால் கோடும் போட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு இருந்தது கல்லீரல் புழு என்று பின்னால் தெரியவந்தது. அதற்காக, ஈசினோஃபில் ஏறினால் உடனே கல்லீரல் புழு என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆஸ்துமா, ஒவ்வாமை, சில மாத்திரைகள், கொக்கிப்புழு, யானைக்கால் புழு என்று நம் நாட்டில் அதற்குக் காரணங்கள் ஏராளம். எனக்கும் அன்று கல்லீரல் புழு நினைவுக்கு வரவே இல்லை. கொக்கிப்புழுவாக இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் 38 என்பது சும்மா விட்டுவிடும் எண் அல்ல. காய்ச்சலும் வலது பக்க வலியும் கூடவே இருக்கும்போது யாராவது ஒருவர் அந்த எண்ணின் மீது விரல் வைத்து, இது ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். ஆறு வாரங்களுக்கு யாரும் கேட்கவில்லை. இதை இன்றும் என்னால் ஆறிப்போன மனதோடு எழுத முடியவில்லை.

அக்கா போன முதல் மருத்துவமனையில் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். கல்லீரலில் கருமையான இடங்கள் தெரிந்தன. சீழ்க்கட்டி என்றார்கள். தில்லியில் அது அடிக்கடி வருவதுதான். அமீபா கிருமியால் வரும் கட்டிக்கு மெட்ரோனிடசோல் கொடுப்பதும் வழக்கம்தான். பத்து நாட்கள் கொடுத்தார்கள். காய்ச்சல் இரண்டு நாள் தணிந்து மறுபடியும் ஏறியது. உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக அரிப்பு வந்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பிப்ரவரி முதல் வாரம் சி.டி. ஸ்கேன். கல்லீரலின் மேல் உறைக்கு அடியில் சிறு சிறு புள்ளிகள் கொத்துக் கொத்தாக, சில இடங்களில் கோடு இழுத்தது போல. 'வேறு இடத்திலிருந்து பரவிய புற்றுநோயாக இருக்கலாம், சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று இரவு அக்கா எங்கள் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். "தங்கச்சி, பையனுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. அது முடியும் வரையாவது இருப்பேனா என்று மட்டும் சொல்" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருடைய பையைத் திறந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். நான் கோடு போட்ட தாள் எல்லாவற்றுக்கும் அடியில் நான்காக மடிந்து கிடந்தது. அதை மேலே வைத்தேன். "நாளைக்கு வேறு மருத்துவமனைக்குப் போகலாம் அக்கா, நானும் வருகிறேன்" என்றேன்.

அது ஓர் அரசு மருத்துவமனை. நான்கு முறை போய் வரிசையில் நின்று, பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் அந்தப் பெண் மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தோம். வயது 35-க்குள் இருக்கும். அவர் முதலில் ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கவில்லை. மேலே இருந்த இரத்த முடிவைப் படித்தார். கோட்டின் மேல் விரல் நின்றது. அதன் பிறகுதான் படத்தை எடுத்தார். பார்த்துவிட்டு அக்காவிடம் இந்தியில் கேட்ட முதல் கேள்வி: "தீபாவளியை ஒட்டி என்னென்ன சாப்பிட்டீர்கள்? தண்ணீரில் விளைவது எதையாவது பச்சையாகத் தின்றீர்களா?"

அக்கா யோசிக்கவே இல்லை. "சிங்காடா" என்றார்.

தில்லிக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன். குளத்து நீரில் மிதக்கும் கொடியில் காய்க்கும் ஒரு கொட்டை அது. இரண்டு பக்கமும் கொம்பு வைத்தது போல இருக்கும். மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் சமயத்தில் தள்ளுவண்டிகளில் குவித்து வைத்திருப்பார்கள். பச்சையாக ஒரு குவியல், வேகவைத்துக் கறுத்தது ஒரு குவியல். பச்சைக் காயின் உள்ளே வெள்ளையாக, இளநீர் வழுக்கைபோல் கொஞ்சம் இனிப்பாக இருக்கும். சமையல் வேலை முடிந்து வரும் வழியில் அக்கா தினமும் கால் கிலோ வாங்கிக்கொண்டு நடந்தபடியே தின்பார். கத்தி எங்கே இருக்கிறது? பல்லால் தோலைக் கடித்து, உரித்துத் துப்பிவிட்டுத் தின்பார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மருத்துவர் ஒரு காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். எருமை, அதன் சாணி, குளம், நத்தை, செடி. அந்த நத்தையைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

கள்ளக்குறிச்சி பக்கம் எங்கள் ஊரில் அப்பா செம்மறி வைத்திருந்தார். மழைக்காலம் முடிந்து ஏரி வற்றும்போது, ஈரம் காயாத கரையோரப் புல்லில் ஆடுகளை விடமாட்டார். 'நத்தை ஊர்கிற புல்லில் ஈரல் புழு இருக்கும்' என்பார். ஒரு முறை சொல் கேட்காமல் சித்தப்பா மேய்த்துவிட்டு வந்தார். சில மாதங்களில் இரண்டு ஆடுகளுக்குத் தாடைக்கு அடியில் நீர் கோத்து, பை போல் தொங்கியது. ஒன்று செத்தது. அப்பா வயிற்றைக் கிழித்து ஈரலை எடுத்து, குறுக்கே வெட்டிக் காட்டினார். பித்தம் ஓடும் குழாய்கள் தடித்து, வெட்டும்போது மணலில் கத்தி பட்டது போல நறநறவென்றது. ஒரு குழாயை விரலால் அழுத்தினார். உள்ளேயிருந்து சாம்பல் பூத்த பழுப்பு நிறத்தில், வேப்பிலையின் ஒரு துண்டு போலத் தட்டையாக ஒன்று வழுக்கி வெளியே வந்தது. வெயில் பட்டதும் ஓரங்கள் மெல்லச் சுருண்டன. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஈரலைச் சாப்பிடப் பல வருடங்கள் ஆயிற்று.

மனிதருக்கும் அதே புழுதான். இலைபோன்ற தட்டைப்புழு. அதில் ஃபாசியோலா ஹெபாட்டிகா என்றும், ஃபாசியோலா ஜைஜாண்டிகா என்றும் இரண்டு இனங்கள். இரண்டாவது 7 சென்டிமீட்டர் வரைகூட வளரும். வட இந்திய எருமைகளில் இருப்பது பெரும்பாலும் அதுதான். சாணியோடு தண்ணீரில் விழும் முட்டை பொரிந்து, குஞ்சு நீந்திப் போய் ஒரு வகை நன்னீர் நத்தைக்குள் புகுந்து பெருகுகிறது. பிறகு வாலுள்ள சிறு உயிர்களாக நூற்றுக்கணக்கில் வெளியே வந்து, கைக்குக் கிடைத்த நீர்ச்செடியில் ஒட்டி, வாலை உதிர்த்துவிட்டு, மேலே கெட்டியான கூடு கட்டிக்கொள்கிறது. கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரில் அலசினால் உறுதியாகப் போகும் என்று சொல்ல முடியாது. மாடு அந்தச் செடியைத் தின்கிறது. அக்கா அதைப் பல்லால் உரித்தார்.

வயிற்றுக்குள் போனதும் கூடு உடைகிறது. குட்டிப் புழு சிறுகுடலின் சுவரைத் துளைத்து வயிற்று அறைக்குள் வருகிறது. அங்கிருந்து கல்லீரலின் உறையைத் துளைத்து உள்ளே நுழைந்து, ஆறேழு வாரங்கள் சதையைத் தின்றபடியே வழி போட்டுக்கொண்டு போகிறது. சி.டி. படத்தில் கொத்தாகவும் கோடாகவும் தெரிந்தவை அந்தச் சுரங்கப் பாதைகள். காய்ச்சலும் விலா வலியும் தடிப்பும் வருவது இந்தச் சமயத்தில். கடைசியில் பித்த நாளத்தில் போய்க் குடியேறி, பெரிதாகி, முட்டையிடத் தொடங்குகிறது. அதற்கு மொத்தம் மூன்று நான்கு மாதங்கள் ஆகும். விட்டுவிட்டால் பத்து வருடங்களுக்கு மேல்கூட அங்கேயே வாழும்.

இதைக் கேட்ட பிறகுதான் என் தவறு எனக்கு விளங்கியது. ஜனவரியில் அக்காவின் மலத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, புழு முட்டை எதுவும் இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். முட்டை இருந்திருக்க வழியே இல்லை. புழு இன்னும் கல்லீரலின் சதைக்குள்தான் இருந்தது. அந்தக் கட்டத்தில் இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா பரிசோதனைதான் உதவும். மருத்துவர் அதை வெளியே ஓர் ஆய்வகத்துக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வரப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. நேர்மறை.

மார்ச்சில் மறுபடியும் மலத்தைப் பார்க்கச் சொன்னார். இந்த முறை வேறு விதமாகச் செய்தேன். நாங்கள் வழக்கமாக உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிட்டுப் பிடிப்போம். கல்லீரல் புழுவின் முட்டை கனமானது. அந்தக் கரைசலில் மிதக்காது. அதனால் கரைத்து, வடிகட்டி, கூம்புக் குவளையில் அடியில் படியவிட்டு, மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் நல்ல தண்ணீர் ஊற்றிப் படியவிட்டேன். மேல் தண்ணீர் தெளியும் வரை ஐந்தாறு முறை. அடியில் தங்கிய வண்டலைத் துளித்துளியாக முழுவதும் பார்க்க வேண்டும். மனிதரில் முட்டை குறைவாகத்தான் விழும். பதினொன்றாவது தகட்டில் இருந்தது. தேன் நிறம். நீள்வட்டம். உருளைப்புழு முட்டையைவிட இரண்டு மடங்கு பெரியது, ஏறத்தாழ 140 மைக்ரோமீட்டர். ஒரு நுனியில் மெல்லிய மூடி, பெட்டிக்கு மூடி வைத்தது போல. அந்த மூடியின் கோட்டைத் தெளிவாகப் பார்க்க நுண் திருகை முன்னும் பின்னும் திருகிக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உடனே மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் மகிழ்ச்சி அடையவில்லை. "இந்த வாரம் ஆட்டு ஈரல் சாப்பிட்டாரா என்று கேளுங்கள்" என்றார். சாப்பிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, உடம்பு தேறட்டும் என்று பையன் வாங்கி வந்து, மிளகு போட்டு வறுத்த ஈரல். நோயுள்ள ஆட்டின் ஈரலைச் சமைத்துத் தின்றாலும் அதிலிருக்கும் முட்டைகள் நம் குடல் வழியே அப்படியே வெளியே வரும். தின்றவருக்கு நோய் இருக்காது. எலிசா நேர்மறை என்றாலும், இதையும் சந்தேகமில்லாமல் முடிக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஒரு வாரம் ஈரல் கூடாது. பிறகு மறுபடியும் மாதிரி எடுத்தோம். இரண்டு முட்டைகள் கிடைத்தன. இன்னொரு குழப்பமும் உண்டு: குடலில் வாழும் வேறொரு தட்டைப்புழுவும் இதே சிங்காடா வழியாக வரும், அதன் முட்டையும் அச்சு அசல் இப்படியே இருக்கும். முட்டையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்கேன், எலிசா, முட்டை மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு சொன்னார்கள்.

இதற்கிடையில் அக்காவின் மகன் கைப்பேசியில் தேடி, கல்லீரல் புழு புற்றுநோய் உண்டாக்கும் என்று படித்துவிட்டு முகம் வெளுத்து வந்தான். அவன் படித்தது வேறு இனங்களைப் பற்றி. குளோனார்க்கிஸ், ஒபிஸ்தார்க்கிஸ் என்ற புழுக்கள் சீனாவிலும் தாய்லாந்திலும் அந்தப் பகுதியிலும் அதிகம். வேகாத நன்னீர் மீன் வழியாக வரும். பித்த நாளப் புற்றுநோய்க்கு அவை காரணம் என்பது உறுதியானது. ஃபாசியோலா அந்தப் பட்டியலில் இல்லை. அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் பாடத்தில் படித்த ஒரு செய்தியையும் சொன்னேன்: அந்தச் சீனப் புழுவை உலகில் முதலில் கண்டுபிடித்தது கல்கத்தாவில். 1874-இல், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்துபோன ஒரு சீனத் தச்சரின் கல்லீரலில் மெக்கானல் என்ற மருத்துவர் பார்த்தார். மீன் வழியாக வரும் அந்தப் புழுக்களுக்குப் பிராசிகுவாண்டல் என்ற மாத்திரை நன்றாக வேலை செய்யும். அக்காவுக்கு வந்த புழுவுக்கு அது வேலை செய்யாது. பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோலையும் நம்பி இருக்க முடியாது.

வேலை செய்யும் மருந்து ஒன்று உண்டு: டிரைக்ளாபெண்டசோல். வளர்ந்த புழுவையும் கொல்லும், சதைக்குள் வழி போட்டுக்கொண்டிருக்கும் குட்டியையும் கொல்லும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. நோவார்ட்டிஸ் என்ற மருந்து நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக மருந்தை இலவசமாகத் தருகிறது. ஆனால் நான் ஏறி இறங்கிய மருந்துக் கடைகள் ஒன்றில்கூட அது இல்லை. பலர் பெயரையே கேள்விப்பட்டதில்லை. ஒருவர் மட்டும் கேள்விப்பட்டிருந்தார்: "அது மாட்டு மருந்துக் கடையில் கிடைக்குமே அம்மா, பாட்டிலாகவே தருவார்கள்" என்றார். தெருவிலும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். அக்காவும் வாங்கிவிடலாம் என்று கிளம்பினார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். மாட்டுக்குக் கலக்கிய மருந்தில் வேறு என்ன சேர்ந்திருக்கிறது, எவ்வளவு செறிவு என்று நமக்குத் தெரியாது. மூன்று மாதம் பொறுத்தவர் இன்னும் மூன்று வாரம் பொறுக்கலாம். மருத்துவமனையிலிருந்து கடிதங்கள் போயின. மாத்திரை கைக்கு வர 24 நாட்கள் ஆயின.

இத்தனை அலைச்சலுக்குப் பிறகு வந்தது நான்கு மாத்திரைகள். ஒரு வேளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம். அக்கா அப்போது 50 கிலோவுக்கு இளைத்திருந்தார். 250 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, 12 மணி நேரம் கழித்து இன்னும் இரண்டு. அவ்வளவுதான் சிகிச்சை. வெறும் வயிற்றில் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது, நன்றாகச் சாப்பிட்ட பிறகு போட வேண்டும் என்றார்கள். என் வீட்டிலேயே நெய் ஊற்றிப் பொங்கல் செய்து கொடுத்தேன்.

நான்காம் நாள் இரவு பையன் கதவைத் தட்டினான். அக்கா வலியில் சுருண்டு கிடந்தார். இது நேரலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்: செத்த புழுக்கள் பித்த நாளத்தில் அடைத்து, வெளியேறும் வரை பித்தக்கல் வலிபோல வலிக்கும். கண் மஞ்சளாகவில்லை, காய்ச்சல் இல்லை. இருந்தாலும் ஆட்டோ பிடித்து அழைத்துப் போனோம். ஊசி போட்டு விடியும் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். அடைப்பு நீங்காவிட்டால் வாய் வழியாகக் குழாய் விட்டுப் புழுவை எடுப்பார்களாம். அதற்குத் தேவை வரவில்லை. அந்த வலியோடு விலா வலியும் போனது.

மே மாதம் ஈசினோஃபில் 11. ஜூலையில் 5, மூன்று மாதிரிகளில் முட்டை இல்லை. எலிசா மட்டும் இன்னும் பல மாதங்கள் நேர்மறையாகவே காட்டலாம், அதை வைத்துக் கலங்கக்கூடாது என்று மருத்துவர் தாளிலேயே எழுதிக் கொடுத்தார். அக்கா மறுபடியும் நான்கு வீட்டு வேலைக்குப் போகிறார். சிங்காடா இப்போதும் வாங்குகிறார், கறுப்புக் குவியலில். தாமரைத் தண்டும் வள்ளைக்கீரையும் வெந்த பிறகுதான் வாயில் படும்.

இந்த அக்டோபரில் மெட்ரோ நிலையத்தடியில் வண்டிகள் மறுபடியும் வந்தன. அக்கா வழக்கமாக வாங்கும் வண்டிக்காரரின் பெண் குழந்தை, ஆறு வயது இருக்கும், சக்கரத்துக்குப் பக்கத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்து பச்சைக் காயைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தது. அவரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். தகப்பன் காலத்திலிருந்து தின்கிறோம், எங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நானும் விடவில்லை. குழந்தையைக் கூட்டி வாருங்கள், ஒரு சொட்டு இரத்தம், காசு வேண்டாம் என்று கூடத்தின் இடத்தைக் காட்டிவிட்டு வந்தேன். வருவார் என்று நான் நினைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு தகடு போட்டு எண்ணினேன். முதல் தகட்டில் 3, இரண்டாவதில் 4. டிசம்பரில் இன்னொரு முறை அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.